காற்றுக்குக் கட்டிய கப்பம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மோட்டார் வண்டியின் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல்கள் பிரயாணம் செய்யும் வழக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1919-ஆம் ஆண்டிலேயே ஃப்ளோரிடா மாகாணத்து டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற யாத்திரிகர் சங்கம் தோன்றி, ரேடியேட்டர் மூடியின்மேல் பற்றவைத்த தகர டப்பாவைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தது. இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் வண்டிகளின் அழகையும் பிரயாணிகளின் உல்லாசத்தையுமே பெரிதும் வர்ணிப்பார்கள். ஆனால் டிரெய்லரை இழுத்துச் செல்பவன் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் செலுத்திய தொகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது, தெரிந்த உண்மை ஒன்றைத் திரும்பத் திரும்ப மறந்து, நெருக்கடி வந்தபோதெல்லாம் புதிதாகக் கண்டதுபோல் நினைவுகூர்ந்த சரித்திரம்.

அந்த உண்மை இதுதான். டிரெய்லரைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குப் படுவது அதன் பாரம். ஆகையால் எரிபொருளைக் குடிப்பதும் பாரமே என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. வண்டியைக் கிளப்பும்போதும், மேட்டில் ஏறும்போதும், பிரேக் பிடித்து மீண்டும் வேகமெடுக்கும்போதும் பாரத்தின் செலவு மெய்தான். தண்ணீர்த் தொட்டியை வீணே நிரப்பிச் செல்வதும், டயரில் காற்றுக் குறைந்திருப்பதும் அச்செலவை மிகுவிப்பனவே. ஆயினும் சமவெளியில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் வண்டிக்குப் பெரும் பகை, கண்ணுக்குத் தெரியாத காற்றுத்தான். அதன் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 55 மைல் வேகத்தை 65 ஆக்கினால், வேகம் ஐந்திலொரு பங்குகூட உயராதிருக்க, காற்றுத் தடையோ ஏறத்தாழ 40 சதவிகிதம் உயர்ந்துவிடுகிறது.

டிரெய்லரை முதன்முதலில் சிரத்தையோடு வடிவமைத்தவர்களிற் சிலர் விமானம் கட்டியவர்களாதலின், இதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விமானத் துறையின் முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1920-களின் இறுதியில் ‘ஏரோகார்’ என்னும் இலேசான டிரெய்லரைச் செய்தபோது, இழுக்கும் வண்டியோடு அதை இணைப்பதற்கு விமானச் சக்கரம் ஒன்றையே படுக்கவைத்துப் பயன்படுத்தினார். 1927-இல் லிண்ட்பர்க் தன்னந்தனியே அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தின் நிர்மாணத்தை மேற்பார்வையிட்ட ஹாலி பௌலஸ், 1934-இல் அலுமினியக் கலவைத் தகடுகளை ஆணியறைந்து இணைத்து, முனை திரண்டு வால் ஒடுங்கிய ‘ரோட் சீஃப்’ என்னும் டிரெய்லரை வெளியிட்டார். அவருடைய வியாபாரம் நிலைக்கவில்லை; ஆயினும் அந்த வடிவத்தின் சாரத்தைக் கைக்கொண்டு வாலி பையம் என்பவர் 1936-இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்ற வண்டியை 1,200 டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொணர்ந்தார்.

அந்த ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1947-இல் எடுத்த ஒரு புகைப்படம் பிற்காலத்தில் அதன் இலச்சினையாகவே ஆகிவிட்டது. ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், முழு டிரெய்லர் ஒன்றைத் தம் சைக்கிளிலே கட்டி இழுத்துச் செல்லும் காட்சி அது. வண்டி எவ்வளவு இலேசானது என்பதை நிரூபிக்கவே அப்படம் எடுக்கப்பட்டது. பார்த்தவர்களும் அவ்வாறே பொருள் கொண்டார்கள். ஆனால் ஒரு மனிதனுடைய கால்பலம் அதற்குப் போதுமாயிருந்ததற்கு, சைக்கிளின் மந்த வேகத்தில் காற்று கேட்கும் கப்பம் அற்பமானது என்பதும் சமமான காரணம். அந்தப் பாதியை விளம்பரம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் அக்காலத்தில் ஏற்படவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பெட்ரோல் மலிவாயிற்று; 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணங்களை இணைக்கும் அகன்ற நெடுஞ்சாலைகள் பரவின; பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் சாதாரணக் குடும்பக் கார்களிலேயே வந்துசேர்ந்தன. உள்ளே இடம் மிகுதியாகக் கிடைப்பதும் செய்வதற்குச் செலவு குறைவதுமான சதுரப் பெட்டி வடிவமே சந்தையை ஆண்டது.

அந்த நிம்மதி 1973 அக்டோபரில் குலைந்தது. மேற்காசிய யுத்தத்தையொட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதிக்க, பீப்பாய் ஒன்று 3 டாலரளவில் விற்ற எண்ணெய் சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் விற்க வேண்டாமென்று ஜனாதிபதி நிக்ஸன் வேண்டிக்கொண்டார். வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பெட்ரோல் வழங்கும் முறையும் சில மாகாணங்களில் வந்தது. விடுமுறைப் பிரயாணத்தையே நம்பியிருந்த டிரெய்லர்த் தொழில் கடுமையாக அடிபட்டது. 1974 ஜனவரி 2-ஆம் நாள் நாடெங்கும் மணிக்கு 55 மைலே உச்ச வேகம் என்று விதிக்கும் சட்டம் கையொப்பமாயிற்று.

அதே ஆண்டுகளில், நாசாவின் எட்வர்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்துப் பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்து செல்லும் பெரிய லாரிகள் முதலில் தம்மை விலக்கித் தள்ளுவதையும் பின்னர் உள்ளிழுப்பதையும் உணர்ந்தார். அவ்வுணர்வின் விளைவாக ஒரு பழைய வேனைச் சுற்றிலும் அலுமினியத் தகடு போர்த்திச் சதுரப் பெட்டியாக்கிச் சோதித்தபோது, அதன் விளிம்புகளையெல்லாம் உருட்டிவிட்ட மாத்திரத்தில் காற்றுத் தடை பாதிக்கு மேல் குறைந்தது. உள்ளிடத்தில் இழந்ததோ சொற்பமே. பௌலஸ் 1934-இலேயே அறிந்திருந்ததை அளவுகோலும் எண்களும் மீண்டும் உறுதிப்படுத்தின.

சிக்கனத்துக்காக இயற்றிய சட்டமே விசித்திரமான விளைவொன்றையும் தந்தது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனிகள் விற்கும் கார்கள் ஒரு காலன் பெட்ரோலில் சராசரியாக இத்தனை மைல் ஓட வேண்டுமென நிர்ணயிக்க, கார்கள் சிறுத்தன. டிரெய்லரை இழுக்கத் தக்க பெருங்கார்கள் அருகின. அந்த வேலை, நியமம் தளர்ந்திருந்த பிக்கப் லாரியின் தலையில் விழுந்தது. 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் வந்தபோது, பாரமிழுப்பவர்கள் அதைப் பெரிதும் விரும்பி ஏற்றனர். குறைந்த சுழற்சியிலேயே அது தந்த இழுவிசையும் டீசலுக்கே உரிய சிக்கனமும் மெய்யான நன்மைகளே. ஆனால் மிச்சமான எரிபொருளை மிச்சமாகவே விடுவதற்கு மனித சுபாவம் இடந்தரவில்லை. 1987-இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995-இல் தேசிய வேக வரம்பே நீக்கப்பட்டது. எஞ்சின் ஈட்டித் தந்ததை வேகமும் உயர்ந்த பெட்டியும் பங்கிட்டுக்கொண்டன.

இப்போது மின்சாரப் பிக்கப்கள் வந்திருக்கின்றன. பெரிய பெட்டி டிரெய்லரைப் பூட்டியவுடன் அவற்றின் ஓட்டத் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள். பெட்ரோல் வண்டியிலும் அந்த நஷ்டம் இருந்ததே, பெரிய தொட்டியும் எங்கும் கிடைக்கும் எரிபொருளும் அதை மறைத்திருந்தன என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வடிவத்தைத் திருத்தத் தொழிற்சாலை வேண்டும்; எஞ்சினை மாற்றப் பணம் வேண்டும்; பத்து மைல் வேகத்தைக் குறைக்கவோ பாதத்தைச் சிறிது தளர்த்தினாற் போதும். இந்த நூறாண்டில் சட்டத்தின் வற்புறுத்தலால் மட்டுமே பலர் கைக்கொண்டு, அது தளர்ந்தவுடன் முதலில் கைவிட்டதும் இந்தச் செலவில்லாத உபாயத்தையே.