செவிலித்தாயும் தாய்ப்பால் வங்கியும்

பெற்றவள் ஒருத்தி, பாலூட்டி வளர்த்தவள் மற்றொருத்தி என்னும் வழக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்தார்த்தர் பிறந்த ஏழாம் நாள் அன்னை மாயாதேவி மறையவே, சிற்றன்னை கௌதமி அவருக்குப் பாலூட்டினார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. சரகரும் சுசுருதரும் பாலூட்டும் செவிலிக்கு இலக்கணமே வகுத்தனர். அவள் நோயற்றவளாதல் வேண்டும்; பால் மிகுந்தவளாதல் வேண்டும்; அவள் ஈன்ற மகவு உயிருடன் இருத்தல் வேண்டும். இந்த இறுதி விதியைக் காணும்போது நமக்கு ஒரு வினா எழுகிறது. செல்வர் மனையில் அவள் பாலூட்டிய வேளையில், அவளுடைய மகவு எதைக் குடித்தது?

1909ஆம் ஆண்டில் வியன்னா நகரில் முதல் தாய்ப்பால் வங்கி தோன்றியது. செவிலி உடன் இல்லாமலே அவள் பால் மட்டும் சிசுவை அடையும் முறை அது. பல நாடுகளில் பரவிய இம்முறை, 1980களில் எச்.ஐ.வி. அச்சத்தால் தளர்ந்தது. மேனாட்டு வங்கிகள் பல மூடப்பட்டன.

அத்தகைய வேளையிலேதான், 1989 நவம்பர் 27ஆம் நாள், மும்பை சயான் பகுதியில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி திறக்கப்பெற்றது. நிறுவியவர் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ். தாராவியை அடுத்துள்ள அம்மருத்துவமனையை நாடுவோரில் ஏழை எளியோரே மிகுதி. குறைமாதத்தில் பிறந்து ஒரு கிலோகிராம் எடையும் தேறாத சிசுவின் குடல் மாவுப்பாலை எளிதில் ஏற்பதில்லை. குடல் அழுகி உயிர் பிரிவதும் உண்டு. பெற்றவளுக்குப் பால் சுரக்காதபோது வேறொரு தாயின் பாலே அதற்கு அடுத்த துணை.

தன் மகவு பருகியபின் எஞ்சுவதையே தாய் இங்கு ஈகிறாள். நாம் மேலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. அவள் இரத்தம் சோதிக்கப்படுகிறது. பால் 62.5 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்படுகிறது, கொதிக்க விடுவதில்லை. எச்.ஐ.வி. கிருமி அவ்வெப்பத்தில் அழியும். பாலின் காப்புச் சத்துகளிலும் ஒரு பகுதி குறையத்தான் செய்கிறது. எனினும் எஞ்சுவது மாவுப்பாலில் கிடைக்காதது. பின்னர் அது உறைநிலையில் சேமிக்கப்படுகிறது.

ஈகின்ற தாய்க்கு விலை கொடுத்தால் என்ன குறை என்று வினவுவோர் உளர். விலை பேசத் தொடங்கினால், வறியவள் தன் மகவின் பங்கையும் அளந்து கொடுக்க நேரும். பழைய செவிலியின் நிலையே மீளும் என்பது நம் கருத்து. இந்திய அரசு 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனைக் கைம்மாறு கருதாத கொடையாகவே வகுத்தன. ஆயினும் விற்க முற்பட்டோர் உண்டு. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்று, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது.