மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குதா? பேச்சுப் பயிற்சி கிளப்பில் சேர்வது, தொடங்குவது எப்படி?

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.’ இன்டர்வியூவில் வரும் முதல் கேள்வி இதுதான். பதில் தெரியாதவர் யாருமில்லை. ஆனாலும் வாய் உலர்ந்து, மனப்பாடம் செய்த நாலு வரியும் மறந்துபோய், வெளியே வந்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வரும். கிராம சபையில் எழுந்து தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்க நினைத்து, கடைசிவரை எழுந்திருக்காமலே வீடு திரும்புபவர்களும் உண்டு.

“எனக்குப் பேச வராதுங்க” என்பவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் பேச வாய்ப்பே கிடைத்திருக்காது. அந்த வாய்ப்பை வாராவாரம் தருவதுதான் பேச்சுப் பயிற்சி கிளப்.

பட்டிமன்றம் இருக்கே, இது எதுக்கு?

நம்ம ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் ஏற்கெனவே நன்றாகப் பேசுபவருக்குத்தான் மைக். மற்றவர்களுக்கு நாற்காலி மட்டும். பயிற்சி கிளப்பில் வந்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. தடுமாறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அடுத்து அவர்களும் எழுந்து பேச வேண்டும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்றால் என்ன?

இந்த வகையில் உலக அளவில் தெரிந்த பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகம் செய்து நிகழ்ச்சியை நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபர் 22-ல் இதைத் தொடங்கினார். பெண்களுக்கு 1973-ல்தான் கதவு திறந்தது. இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி 2014-ல் இதன் உலகப் பேச்சுப் போட்டியில் சாம்பியன் ஆனார். 18 வயது நிறைந்த யாரும் சேரலாம்.

ஒரு கூட்டத்தில் என்ன நடக்கும்?

பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம். மூன்று பகுதிகள்.

* தயாரித்த பேச்சு: பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். புது உறுப்பினரின் முதல் பேச்சுக்குப் பெயர் ‘ஐஸ் பிரேக்கர்’. தன்னைப் பற்றி 4 முதல் 6 நிமிடம் பேச வேண்டும்.
* டேபிள் டாபிக்ஸ்: அந்த நிமிடம் தரும் தலைப்பில் 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். இன்டர்வியூவுக்கு நேரடியாகக் கைகொடுப்பது இந்தப் பகுதிதான்.
* மதிப்பீடு: ஒவ்வொரு பேச்சுக்கும் ஒருவர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று 2, 3 நிமிடத்தில் சொல்வார்.

நேரத்தைப் பார்க்க ஒரு டைமர் இருப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை வரிசையாகக் காட்டுவார். ‘ஆ... வந்து... அதாவது...’ எத்தனை முறை வந்தது என்று எண்ணவும் ஒருவர் உண்டு. பயமாக இருந்தால் இந்த மாதிரி சின்ன வேலையில் ஆரம்பிக்கலாம். அரை நிமிடம் எழுந்து நின்று கணக்குச் சொன்னால் போதும். முதல் படி அதுதான்.

சேர்வது எப்படி?

1. டோஸ்ட்மாஸ்டர்ஸ் இணையதளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்து அருகிலுள்ள கிளப்பைத் தேடலாம். சில நிறுவன கிளப்புகள் தங்கள் ஊழியர்களை மட்டுமே சேர்க்கும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் கூடும் கிளப்புகளும் உண்டு.
2. உடனே பணம் கட்ட வேண்டாம். விருந்தினராகப் போய் உட்காருங்கள். பேசக் கூப்பிட்டால் “இன்னிக்கு வேண்டாம், பார்க்கிறேன்” என்று சொல்லலாம்.
3. இரண்டு, மூன்று கிளப்பைப் பாருங்கள். புதியவர்களிடம் பேசுகிறார்களா, மதிப்பீடு வெறும் பாராட்டாக முடிகிறதா என்று கவனியுங்கள்.

செலவு எவ்வளவு?

6 மாதத்துக்கு 45 டாலராக இருந்த சர்வதேசக் கட்டணம் 2023 அக்டோபரில் 60 டாலர் ஆனது. அப்போதைய இந்திய மதிப்பில் ஏறக்குறைய 5,000 ரூபாய். புதிதாகச் சேர நுழைவுக் கட்டணமும், சில கிளப்புகளில் ஹால் வாடகைக்குத் தனித் தொகையும் இருக்கும். இப்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைக் கிளப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க ஊர்ல கிளப்பே இல்லையே?

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பெயரில் புது கிளப் தொடங்கக் குறைந்தது 20 உறுப்பினர்கள் வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் உட்பட 7 பொறுப்பாளர்கள் இருப்பார்கள். அவ்வளவு பேரும் பணமும் சேரவில்லையா? கவலை வேண்டாம். அந்தப் பெயரைப் பயன்படுத்தாமல், நீங்களே ஒரு குழுவைத் தொடங்கலாம். தேவை இவ்வளவுதான்:

* 8 முதல் 10 பேர்.
* காசில்லாமல் கிடைக்கும் ஓர் இடம். நூலகம், பள்ளி வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டு மாடி.
* மாறாத கிழமை, மாறாத நேரம். மழை வந்தாலும், நாலே பேர் வந்தாலும் நடத்துங்கள்.
* நேரம் பார்க்க ஒரு செல்போன், மூன்று கலர் அட்டை.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு தயாரித்த பேச்சுக்கு 15 நிமிடம், திடீர் தலைப்புக்கு 20 நிமிடம், மதிப்பீட்டுக்கு 15 நிமிடம், மீதி நேரத்தில் அடுத்த வாரம் யாருக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் கலைந்தால் அடுத்த வாரம் கூட்டம் நடப்பது சந்தேகம்தான்.

குழு எங்கே உடையும்?

நன்றாகப் பேசும் இரண்டு பேரே எல்லா வாரமும் பேசினால் மற்றவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். அதனால் வேலைகளைச் சுழற்சி முறையில் கொடுங்கள். தலைவர் வாத்தியார் ஆகிவிடக் கூடாது. மதிப்பீட்டில் பேச்சைப் பற்றி மட்டும் சொல்லணும், ஆளைப் பற்றிச் சொல்லக் கூடாது. “குரல் சரியில்லை” என்பதைவிட “கடைசி வரி பின்னாடி கேட்கலை, அதை நிறுத்திச் சொல்லுங்க” என்பது உதவும்.

இங்கிலீஷ்லதான் பேசணுமா?

கட்டாயமில்லை. கூட்ட பயமும் மொழி பயமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நாளில் சுமக்க வேண்டாம். முதலில் தமிழில் நின்று பேசிப் பழகுங்கள். கால் நடுக்கம் குறைந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறலாம்.

முதல் பேச்சுக்கு என்ன தலைப்பு என்று யோசிக்கிறீர்களா? உங்கள் முதல் வேலை, உங்கள் தெரு, உங்கள் அம்மாவின் சமையல், எதுவானாலும் சரி. நன்றாகத் தெரிந்த விஷயத்தில் ஆரம்பித்தால் வார்த்தை தானாக வரும்.