தண்டவாளம் ஓய்ந்த ஊர்களில் லாரிகள்

ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரங்களில் ஊர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சாயல்தான். அகலமான ஒரு கடைத்தெரு, அதை ஒட்டி ஒற்றை ரயில்பாதை, பாதையோரம் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தானியக் குதிர்கள். இந்த ஊர்களில் பலவும் ரயில் வந்ததால் உண்டானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் மாநில அரசுகள் ஊர் ஊராகக் கிளைப்பாதைகளைப் போட்டன. குதிரை வண்டியில் கோதுமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகிற விவசாயி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும், நிலையம் அந்தத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. குதிரை போய் லாரி வந்ததும் அந்தக் கணக்கு செல்லாக்காசாகிவிட்டது.

பாதையைப் போட்டவர்கள் சிக்கனமாகத்தான் போட்டார்கள். மெல்லிய தண்டவாளம், மரக்கட்டை ஸ்லீப்பர், குறைவான ஜல்லி. இன்றைய கனத்த எஞ்சினையும் வேகனையும் இவை தாங்குவதில்லை. கோடை வெயிலில் தண்டவாளம் நெளியும் அபாயம் இருப்பதால் ரயிலின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. கோதுமை அறுவடையோ நவம்பரிலிருந்து ஜனவரி வரை, அதே கோடையில்தான் வருகிறது. ஆண்டில் சில மாதங்களே சரக்கு ஏறும் பாதையைப் பன்னிரண்டு மாதமும் பராமரிப்பது எந்த நிர்வாகத்துக்கும் கசக்கும். தானியம் ரயிலில்தான் போக வேண்டும் என்ற பழைய மாநிலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1989-இல் உள்நாட்டுக் கோதுமை வணிகம் திறந்துவிடப்பட்டது. கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பாதை ஓய்ந்தாலும் சுமை அப்படியேதான் இருக்கிறது. 2,000 டன் கோதுமையை ஒரு ரயில் இழுத்துப் போகவில்லை என்றால், நாற்பது டன் வீதம் ஐம்பது லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போகும். ரயில்வேயின் பேரேட்டில் மிச்சமான செலவு, சாலையைப் பராமரிக்கும் உள்ளூர் மன்றத்தின் பேரேட்டில் ஏறிவிடும். நாட்டுப்புறச் சரக்குச் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்தப் பேரேடு மாற்றத்தில்தான் தொடங்குகின்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இது வெட்டவெளிச்சமாக நடந்தது. அங்கே சரக்கு ரயில்பாதைகளை மாநில அரசு 2000-ஆம் ஆண்டில் 49 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. தானியப் பாதைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் கடைசி ரகத்துக்கு ‘மூன்றாம் அடுக்கு’ என்று பெயர். யார்க்கிலிருந்து குவைரேடிங் போகும் பாதை போன்றவை அந்த அடுக்கில் விழுந்தன. குத்தகை நிறுவனமான புரூக்ஃபீல்டு ரயில், இவற்றில் சரக்குக்கு மிஞ்சிய செலவு என்றது. விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான சிபிஎச், கேட்கப்படும் கட்டணம் மிக அதிகம் என்றது. இந்தக் கூட்டுறவு 2012-இல்தான் சொந்த எஞ்சின்களையும் வேகன்களையும் ஓட்டத் தொடங்கியிருந்தது என்பது வேடிக்கை. ரயில் வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2014 ஜூனோடு மூன்றாம் அடுக்குப் பாதைகள் மூடப்பட்டன. அதுவரை ரயிலில் போய்க்கொண்டிருந்த தானியம் லாரிக்கு மாறியது.

லாரி சாலைக்குச் செய்யும் சேதம் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சோதனைக்கென்றே போட்ட தடங்களில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பொறியாளர்கள் இன்றும் கையாளும் நான்காம் படி விதி. அச்சின் சுமை இரு மடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். கார்களை மனத்தில் வைத்துப் போட்ட உள்ளூர்ச் சாலை, இரண்டொரு அறுவடைக் காலத்தில் ஓரம் நொறுங்கிப் போவதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரேலியச் சாலைகளில் இந்தச் சுமையை அதிகம் இழுப்பது ‘பி-டபுள்’ எனப்படும் இரட்டை டிரெய்லர் லாரி. ஒன்பது அச்சுகள், 26 மீட்டர் வரை நீளம், பொது வரம்பின்படி சரக்கோடு சேர்த்து 62.5 டன். இது நினைத்த சாலையில் நுழைய முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவும் வடக்கு ஆட்புலமும் நீங்கலாக மற்ற பகுதிகளில், 2014 பிப்ரவரி முதல் கனரக வாகனத் தேசியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அனுமதி வழங்குவது தேசிய ஒழுங்காணையம். ஆனால் சாலைக்குப் பொறுப்பான உள்ளூர் மன்றம் சம்மதிக்க வேண்டும். பாலம் தாங்காது, சத்தமும் புகையும் ஊராரைப் பாதிக்கும், பாதுகாப்புக்கு ஆபத்து என்று காரணம் காட்டி மன்றம் மறுக்கலாம். இன்ன வழியில் மட்டும், இன்ன நேரத்தில் மட்டும் என்று நிபந்தனையும் போடலாம். காகிதத்தில் இது பெரிய அதிகாரம். ஆனால் ஊரின் பிழைப்பே அந்தத் தானியமாக இருக்கும்போது எந்த மன்றம் எளிதில் மறுக்கும்? சாதாரண ஒற்றை டிரெய்லர் லாரிக்கோ இந்த அனுமதியே தேவையில்லை.

சத்தம் தனிக் கதை. இறக்கத்தில் கனரக லாரி எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது, காற்று அமுங்கி வெளிவரும் தடதடப்பு நள்ளிரவில் தெருக்கோடி வரை கேட்கும். ஊர் எல்லையில், எஞ்சின் பிரேக்கைக் குறைத்துப் பயன்படுத்துமாறு லாரிக்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் பலகைகள் நிற்கின்றன. பெரும்பாலும் அவை வேண்டுகோள்தான்.

புறவழிச்சாலை போடுவது நிரந்தரத் தீர்வு. அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ஹோல்புரூக் காட்டும். நியூ சவுத் வேல்ஸின் இந்தச் சிற்றூருக்குக் கல்கேர்னிலிருந்து 1902-இல் ஒரு கிளைப்பாதை வந்தது. அது 1970-களில் மூடப்பட்டது. சிட்னியையும் மெல்போர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலையோ ஊரின் நடுத்தெருவாகவே தொடர்ந்தது. வழியிலுள்ள மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. கோல்பர்ன் 1992-இல், ஆல்பரி 2007-இல், இரு பெருநகர்களுக்கும் பாதி வழியில் லாரிக்காரர்கள் டிரெய்லர் மாற்றிக்கொள்ளும் டார்கட்டா 2011-இல். கடைசியாக மிஞ்சிய ஹோல்புரூக்கின் புறவழிச்சாலை திறந்தது 2013 ஆகஸ்டில்.

லாரி போனால் சத்தம் போகும். கூடவே காப்பி குடிக்க இறங்குகிறவர்களும் போவார்கள். ஹோல்புரூக்குக்கு இதில் ஒரு கைமுதல் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் வாடை அடித்த ‘ஜெர்மன்டன்’ என்ற தன் பெயரைக் கைவிட்டு, பிரிட்டிஷ் நீர்மூழ்கித் தளபதி நார்மன் ஹோல்புரூக்கின் பெயரை ஊர் சூடிக்கொண்டது. அந்த உறவை வைத்து, ஓய்வுபெற்ற ஆட்வே நீர்மூழ்கியின் மேற்பகுதியைப் பெற்று, 1990-களில் பூங்காப் புல்தரையில் நிறுத்தியது. கடலிலிருந்து வெகுதொலைவில், புல்லில் பாதி முங்கியது போல் நிற்கும் அந்தக் கறுப்பு உடலைப் பார்க்கவே கார்கள் இன்னும் ஊருக்குள் திரும்புகின்றன.

ரயில்பாதையை மூடாமல் சீர்திருத்துவதும் லேசான வேலையல்ல. விக்டோரியாவின் பழைய பாதைகள் 1,600 மில்லிமீட்டர் அகலம். அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸிலும் தேசிய வலையமைப்பிலும் 1,435. மில்டுரா, முர்ரேவில் பகுதிகளின் தானியத்தையும் கனிம மணலையும் நேரே துறைமுகங்களுக்குக் கொண்டுபோக, 44 கோடி டாலர் மதிப்பீட்டில் முர்ரே படுகை ரயில் திட்டம் தொடங்கியது. மில்டுரா, முர்ரேவில் பாதைகள் 2018-இல் தேசிய அகலத்துக்கு மாறின. சீ லேக், மனங்கட்டாங் பாதைகள் பழைய அகலத்திலேயே நின்றன. மாற்றிய பாதையிலும் சில இடங்களில் ரயில் மெதுவாகத்தான் போக முடிந்தது. திட்டம் அளவிலும் காலத்திலும் செலவிலும் சொன்னதை எட்டவில்லை என்று மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2020-இல் எழுதினார்.

நியூ சவுத் வேல்ஸில் செத்த பாதைக்கும் சட்டத்தில் உயிர் உண்டு. 1988-ஆம் ஆண்டுப் போக்குவரத்து நிர்வாகச் சட்டத்தின்படி, நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாமல் எந்த ரயில்பாதையையும் ‘மூட’ முடியாது என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. மூடுவது என்றால் நிலத்தை விற்பது அல்லது தண்டவாளத்தைப் பெயர்ப்பது. ரயிலை நிறுத்திவிடுவதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை. அதனால் ஊருக்கு ஊர் ஒரு திரிசங்கு நிலை. ஸ்லீப்பர் உளுத்து, தண்டவாளங்களுக்கு நடுவே மரமே முளைத்திருக்கும். லெவல் கிராசிங்கில் தார் ஊற்றி இடைவெளியை அடைத்திருப்பார்கள். ஆனாலும் ஏட்டில் அது ரயில்பாதை. இந்த இழுபறியால் எரிச்சலடைகிறவர்கள் உண்டு. என்றாலும், ஒருமுறை துண்டு துண்டாக விற்றுவிட்ட வழித்தடத்தைத் திரும்பச் சேர்ப்பது அநேகமாக நடக்காத காரியம் என்பதால், இந்த முடிச்சு நல்ல முடிச்சுதான்.

முடிச்சை அவிழ்த்த முதல் ஊர்களில் ஒன்று டம்பரம்பா. 2017-இல் தனிச் சட்டம் வந்தது. 2020-இல் ரோஸ்வுட் வரையிலான 21 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகத் திறந்தது.

காசினோ–முர்வில்லம்பா பாதையில் சண்டை இன்னும் காரசாரம். சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் 2004 மே மாதம் ரயில் நின்றது. ரயிலைத் திரும்பக் கொண்டு வா என்று ஒரு கட்சி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடு என்று மறு கட்சி. 2020-இல் சட்டம் வந்தபின், முர்வில்லம்பாவிலிருந்து கிராப்ஸ் கிரீக் வரை 24 கிலோமீட்டர் 2023 மார்ச்சில் நடைபாதையானது. அந்த வழியில் 524 மீட்டர் நீளமுள்ள பரிங்பார் குகைப்பாதை இருக்கிறது. ரயில் நின்ற ஆண்டுகளில் அங்கே வௌவால்களும் ஒளிரும் புழுக்களும் குடியேறிவிட்டன. அவற்றைக் கலைக்காமல் இருட்டில் மெதுவாகக் கடப்பதே இப்போது வருகிறவர்களுக்கு வேடிக்கை.

அதே பாதையின் நடுவில், பைரன் பே ஊரில், 2017 டிசம்பரிலிருந்து வேறொரு காட்சி. 1949-இல் கட்டிய இரண்டு பெட்டி டீசல் ரயிலின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஓட்டுகிறார்கள். மொத்தப் பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடுவது அந்த மூன்று கிலோமீட்டரில்தான்.