உள்ளகப் பயிற்சியும் உதவித்தொகையும்: ஒரு சுருக்க வரலாறு

மாணவர் ஒருவர் ஒரு நிறுவனத்திலோ தொண்டு அமைப்பிலோ சில மாதங்கள் தங்கி வேலை பழகுவதை உள்ளகப் பயிற்சி என்கிறோம். பேச்சுவழக்கில் இது 'இன்டர்ன்ஷிப்'. பயிற்சிக் காலத்தில் தரப்படும் சிறு தொகை உதவித்தொகை. இத்தொகை உண்டா இல்லையா என்பதே யார் பயிற்சிக்குப் போக முடியும், யார் போக முடியாது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. திருப்பூர் வட்டாரத்துப் பஞ்சாலை, பனியன் தொழில்களிலும் ஐக்கிய நாடுகள் அவை போன்ற உலக அமைப்புகளிலும் இதைக் காணலாம்.

பழகுநர் முறையின் தொடக்கம்

இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் பழக ஏழாண்டு வேண்டும் என்றது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1850இல் பழகுநர் சட்டம் வந்தது. 10 முதல் 18 வயதுக்குட்பட்ட சிறுவரை, குறிப்பாக அநாதைகளையும் ஏழைகளையும், ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்க அது வழி செய்தது. சோறும் தொழிலும் கிடைக்கும் என்பதே அக்காலத்து ஏற்பாடு.

1961ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம், 1961 இன்றும் நடைமுறையில் உள்ளது. பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதற்குள் வந்தனர். இதன் மூன்று கூறுகளை மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பழகுநருக்கு உதவித்தொகை தருவது வேலையளிப்பவரின் கடமை. இரண்டாவது, அதைப் பீஸ் ரேட் கணக்கில் தரக் கூடாது. மண்ணரை போன்ற பகுதிகளில் பவர்டேபிள் தையல் பீஸ் கணக்கிலேயே நடப்பதால், இவ்விதியின் பொருள் இங்குள்ளோருக்கு எளிதில் விளங்கும். பீஸ் கணக்கில் ஓடுகிறவருக்கு நின்று கற்றுக்கொள்ள நேரம் இராது. மூன்றாவது, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்றவை நீங்கலாகத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா.

சுமங்கலித் திட்டம்

'பயிற்சி பெறுபவர்' என்ற பெயரைத் தவறாகவும் பயன்படுத்த முடியும் என்பதைக் கொங்கு நாட்டு நூற்பாலைகள் சில காட்டின. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் வளரிளம் பெண்கள் பழகுநர் என்ற பெயரில் சேர்க்கப்பட்டனர். ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டு. ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். மாதந்தோறும் சிறு தொகையும், ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகையும் தருவதாகச் சொல்லப்பட்டது. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறியவர் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இரு ஆய்வு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை வெளிநாட்டு ஆடை வாங்குவோரின் கவனத்துக்குக் கொண்டு சென்றது. வரதட்சணைத் தடைச் சட்டமும் பழகுநர் சட்டமும் ஒரே ஆண்டில், 1961இல், இயற்றப்பட்டவை. இத்திட்டம் அவ்விரண்டின் நோக்கத்துக்கும் எதிராக நடந்தது.

உலக அமைப்புகளில் பயிற்சி

இதே சிக்கல் வேறு உருவில் உலக அமைப்புகளிலும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பேரறிக்கை, உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்கிறது. ஆயினும் அவ்வவையின் தலைமைச் செயலகம் தன்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு ஊதியம் தராத நடைமுறையையே நெடுங்காலம் கொண்டிருந்தது. பயிற்சி குறைந்தது இரண்டு மாதம். பயணம், விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாம் மாணவர் பொறுப்பு.

2015இல் ஜெனீவாவில் பயிற்சிக்கு வந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கொடுக்க வழியின்றி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகெங்கும் பரவியது. வளர்ந்த நாட்டு மாணவருக்கே இந்த நிலை என்றால், பவர்டேபிளில் உட்கார்ந்து சனிக்கிழமைச் சம்பளம் வாங்கும் பெற்றோரின் பிள்ளை ஜெனீவாவுக்குப் போவதெப்படி? ஏழை நாடுகளின் சிக்கல்களைப் பேசும் அமைப்புகளுக்குள் அந்நாட்டு இளைஞர் நுழைய முடியாமல் போவதே இதன் பெரிய இழப்பு.

மாற்றமும் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை தருகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் பேரவை 2018 மே மாதம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, அங்கு 2020 முதல் உதவித்தொகை வழங்கப்படுகிறது. பயிற்சி இடங்களில் குறைந்தது பாதி, வருவாய் குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளின் மாணவருக்குச் சேர வேண்டும் என்ற இலக்கையும் அத்தீர்மானம் வைத்தது. அமெரிக்க வெள்ளை மாளிகையும் 2022இல்தான் பயிற்சியாளருக்கு ஊதியம் தரத் தொடங்கியது.

இந்தியாவில் அண்மை நிலை

2024 அக்டோபரில் பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாத, 21 முதல் 24 வயதுக்குட்பட்டோருக்கு முன்னணி நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி தருவது தொடக்கத்தில் இதன் நோக்கமாக இருந்தது. தொடக்க அறிவிப்பின்படி மாதம் 5,000 ரூபாய். இதில் 4,500 ரூபாய் அரசின் பங்கு, 500 ரூபாய் நிறுவனத்தின் பங்கு. சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய் உண்டு.

மாணவர் கவனத்திற்கு

பயிற்சியில் சேருமுன் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, யார் கற்றுத் தருவார், இடையில் விலகினால் அதுவரை சேர்ந்த தொகை கிடைக்குமா. சுமங்கலித் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் பலர் இழப்புக்கு ஆளானது இந்த நான்காவதில்தான்.