தலைக்காசு

இலங்கை மலைநாட்டுக் காடுகளை அழித்துக் காப்பி பயிரிட்ட ஆங்கிலத் துரைமார்களுக்கு மண்ணும் மழையும் தாராளமாக வாய்த்திருந்தும், கண்டிச் சிங்களக் குடியானவர் தம் வயலை விட்டு நிரந்தரக் கூலிக்கு வர இசையாமையால், திருச்சி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்தே ஆள் வரவேண்டியதாயிற்று. அவர்களைத் திரட்டிக் கடல் கடத்தி அழைத்து வந்தவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், உறவினர். காப்பிக்குப் பருவத்தில் மட்டும் கைகள் போதும். 1869-இல் தலைகாட்டிய இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை பரவியபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க அன்றாடம் ஆள் நின்றாக வேண்டும்.

இந்த அவசியத்துக்குத் துரைமார் கைக்கொண்ட உபாயமே தலைக்காசு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணியின் கூட்டத்தார் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினரோ, அத்தனை தலைக்கும் சில சதம் அவர் கணக்கில் ஏறும். ஆண்கூலியின் நாட்சம்பளமே 33 சதத்தை ஒட்டிக் கிடந்த அக்காலத்தில், நூற்றுக்கணக்கான பேரை வைத்திருந்த பெரிய கங்காணிக்கு இது அற்ப வருமானமன்று. உழைப்பவனை விட்டுவிட்டு அவனை எழுப்புகிறவனுக்கு ஊக்கம் அளித்த இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எனக்கு வியப்பைவிட அச்சத்தையே தருகிறது. காய்ச்சல்காரனை அவன் குடியிருக்கும் லயத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவருவதில் கங்காணிக்கு ஆதாயம் உண்டு, படுக்க விடுவதில் இல்லையன்றோ!

இதனினும் பெரிய ஆதாயம் கடனில் இருந்தது. பிரயாணச் செலவுக்கெனத் தோட்டம் தந்த முன்பணம் கங்காணியின் கைவழியே கூலியின் தலையில் கடனாக விழுந்தது. கணக்கோ எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எட்டாதது. அக்கடனைத் தீர்த்தால் கூட்டத்தையே விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தேயிலையோடு ரப்பரும் ஆள் தேடிப் போட்டியிடவே, துண்டோடு தோட்டம் தோட்டமாகக் கூட்டத்தை நகர்த்திய கங்காணிகள், புதுத் துரையிடம் மேலும் முன்பணம் பெற்றனர், கடன் வளர்ந்தது. நிலைத்து நிற்கச் செய்வதற்காகக் கொடுத்த பணமே ஓடச் செய்தது என்று தோட்டக்காரர்களே புலம்பினர். திருச்சியில் 1904-இல் அவர்கள் ஆள் சேர்க்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தியும், கங்காணியின்றி அதுவும் நடக்கவில்லை.

துண்டுமுறையை 1921-இன் சட்டம் ஒழித்தது. 1927-இன் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுக்க வழிசெய்தது. 1939-இல் இந்திய அரசு கூலிவேலைக்கு இலங்கை செல்வதைத் தடைசெய்தபோது, ஊரூராய்ப் போய் ஆள்கட்டும் வேலையும் கங்காணிக்கு இல்லாமற்போயிற்று.