துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் போதும், இங்கே கேம்ப்பில் நம்மவர்கள் வீட்டில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். "நம்ம பசங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க சார், நம்ம வளர்ப்பு வேற." எனக்கு என்னவோ அந்த நம்பிக்கை இல்லை. புனே சரித்திரமும் அதற்கு ஒத்து வராது.

கேம்ப் என்பதே பட்டாளத்துக்காக உண்டான இடம். 1817-ல் கட்கியில் பேஷ்வா தோற்ற பிறகு ஆங்கிலேயர் போட்ட கன்டோன்மென்ட். துப்பாக்கி எல்லாம் இந்தப் பக்கம். ஊருக்குள் இருந்தவர்கள் கையில் வைத்திருக்க 1878-ன் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு உண்டு. (குடகுக்காரர்களுக்கும் உண்டு, அது தனிக்கதை.) 1857 மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் போட்ட சட்டம். பிள்ளைகளைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை.

1897-ல் புனேயில் பிளேக். அதைத் தடுக்க வந்த அதிகாரி ராண்ட், சோதனை போடப் பட்டாளத்தை வீடு வீடாக அனுப்பினார். அடுப்பங்கரை, பூஜை அறை வரை நுழைந்தார்கள். ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைர விழா விருந்து முடிந்து திரும்பும்போது, கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டார்கள். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான்.

நான் சொல்ல வந்தது அந்த வீட்டின் கடைசிப் பையன் வாசுதேவைப் பற்றி. மூத்தவர் தாமோதர் 1898-ல் தூக்கில் போடப்பட்டார். காட்டிக்கொடுத்தவர்கள் திராவிட் என்ற குடும்பத்து சகோதரர்கள். (பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எப்போதோ தெற்கிலிருந்து வந்து மராட்டியர்களாகவே ஆகிவிட்ட குடும்பங்களுக்கு இந்தப் பெயர் உண்டு.) 1899 பிப்ரவரியில் வாசுதேவும் கூட்டாளி ஒருவரும் அவர்களைச் சுட்டார்கள். மே 8-ம் தேதி வாசுதேவுக்குத் தூக்கு. பிறந்தது 1880. கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது வயது ஆகவில்லை.

தேசபக்தியையும் பள்ளிக்கூடக் கொலையையும் ஒன்றாக வைக்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வரலாம். காரணங்கள் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பார்ப்பது வயதையும் வீட்டையும். அண்ணன்மார் துப்பாக்கி எடுத்த வீட்டில் வளர்ந்த பையன் அவன். ஆத்திரம் வந்தபோது கைக்கு எட்டும் தூரத்தில் அது வந்துவிட்டது.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். 2007 டிசம்பரில் குர்காவ்ன் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் உடன் படித்தவனைச் சுட்டுக் கொன்றார்கள். தங்களை மிரட்டி அடித்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். துப்பாக்கி ஒருவனுடைய அப்பாவுடையது. 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். மார்க் குறைந்ததை டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார் என்ற கோபம். சினிமா, டிவி, பாக்கெட் மணி என்று ஒரு மாதம் எல்லோரும் காரணம் தேடினார்கள். அவன் கையில் கத்திக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால் வகுப்பில் இன்னும் எத்தனை பேர் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

1959 ஆயுதச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது முதலில் 16. 1983-ல்தான் 21 ஆக்கினார்கள். ஆனால் லைசென்ஸ் வாங்கப் போவது பையன் இல்லையே, அப்பாதானே! அமெரிக்காவிலும் இதே கதை. பள்ளியில் சுட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கியைத் தன் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்தவர்கள் என்று அங்குள்ள சீக்ரெட் சர்வீஸ் 2004-ல் சொன்னது. மிச்சிகனில் 2021-ல் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். 2024-ல் அப்பா, அம்மா இருவருக்கும் சிறை.

நம்மில் பலருக்கு அங்கே அக்கா, தம்பி குடும்பங்கள் இருக்கின்றன. லீவுக்குப் பிள்ளைகளும் போய் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போவதற்கு முன், "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கும்படி அங்குள்ள குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறோம் அல்லவா, அதோடு சேர்த்து இதையும் கேட்டுவிடலாம்.