அரை மணியும் ஐந்து நிமிடமும்: பெரம்பூர் முதல் கல்பாக்கம் வரை பணியிடை ஓய்வின் வரலாறு

பணியிடை ஓய்வைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வேலைநேரத்தின் வரலாற்றை எழுதி முடித்துவிடுகிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமும், 1923இல் சிங்காரவேலர் சென்னையில் நடத்திய மே தினமும் விரிவாகப் பதிவாகியுள்ளன. ஆனால் அந்த எட்டு மணிக்குள் ஒரு தொழிலாளி எப்போது கையை எடுக்கலாம், எவ்வளவு நேரம், யாரைக் கேட்டு என்ற கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. அதைப் பெரம்பூரிலிருந்து கல்பாக்கம் வரை பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம். சட்டம் அளந்து கொடுத்தது உணவுக்கான ஒரு நீண்ட இடைவேளையைத்தான். களைப்பைத் தணிக்கும் சிற்றோய்வை அது வழக்கத்தின் தலையில் கட்டிவிட்டது. வழக்கமோ மாற்றாள் இருக்கும் இடத்தில் மட்டுமே நிற்கும்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் நெசவுத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். தறியிலிருந்து எப்போது எழலாம் என்று நெசவாளருக்கு மணி அடித்துச் சொன்னவர் எவருமில்லை. அதற்காக அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. துணிக்கு வாங்கிய முன்பணம் கழுத்தில் நின்றது. நெய்யாத நேரம் அவருடைய சொந்த நட்டம். மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு உளி பிடிப்பவரின் கணக்கு இன்றும் அதுதான்.

ஓய்வு சட்டத்துக்குள் வந்தது ஆலைகளின் வழியாக. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளருக்கு மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு தந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் தொழிலாளரைத் திரட்டி வைத்த கோரிக்கைகளில் வார விடுமுறையோடு நண்பகல் அரை மணி ஓய்வும் இருந்தது. 1891 சட்டம் பெண்களின் வேலையை 11 மணி நேரத்துக்குள் நிறுத்தி, ஒன்றரை மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. ஷிப்டு முறை இல்லாத ஆலைகள் நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அரை மணி நின்றாக வேண்டும் என்றும் சொன்னது.

அந்த அரை மணி எவ்வளவு குறுகியது என்பதைப் பெரம்பூர் காட்டியது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் மனக்குறைகளில் முன்னே நின்றது மதிய இடைவேளைதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எந்திரத்தை விட்டு வெளியே வந்து, கை கழுவி, சோற்றை விழுங்கி, மறுபடியும் எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இக்குறைகளைத் தொழிலாளர் தலைவர் பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் அதன் தலைமையில் இருந்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலரும் குறிக்கும் அமைப்பு சாப்பாட்டு நேரத்தை நீட்டச் சொல்லிப் பேசத் தொடங்கியது என்பதை வரலாற்றாசிரியர்கள் ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துபோவது நியாயமாகப் படவில்லை.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் போர்த்தளவாட ஆலைகளை ஆராய்ந்தவர்கள் களைப்பை அளக்கத் தொடங்கியிருந்தனர். ஹாவ்தோர்ன் ஆய்வுகளில் 1927இல் தொடங்கிய ஒன்றில், அமெரிக்கத் தொலைபேசிக் கருவி ஆலை ஒன்றின் பெண்களுக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓய்வை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகளைப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. ஒரு செய்தி மட்டும் நினைவில் கொள்ளத்தக்கது: நாளுக்கு ஆறு முறை ஓய்வு கொடுத்தபோது, வேலையின் ஓட்டம் அறுபடுகிறது என்று அந்தப் பெண்களே முறையிட்டார்கள். ஓய்வு எப்போது வேண்டும் என்பது ஓய்வெடுப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த ஆராய்ச்சி எதுவும் நம் சட்டத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றதோடு நின்றுவிட்டது. சிற்றோய்வு வேறு வாசல் வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் ஆலைகளுக்குள் தேநீர்க் கடைகளைப் பரப்பியது. அதன் அக்கறை தேயிலை விற்பனையில், பலன் தொழிலாளருக்கு. இன்றைய ‘டீ டைம்’ இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் கொடுத்த உரிமையன்று, பழகிப்போன சலுகை.

கல்பாக்கத்தில் இந்த வரலாறு ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆலைச் சங்கு ஊதியதும் தறியை நிறுத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும் உலையைச் சாப்பாட்டுக்காக நிறுத்த முடியாது. இடைவிடாது நடந்தாக வேண்டிய வேலைகளுக்கு 55ஆம் பிரிவிலிருந்தே விலக்களிக்க அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. நீண்ட போராட்டத்தில் கிடைத்த அரை மணி, அது மிகத் தேவைப்படும் வேலையிலேயே விலக்குக்கு உரியதாகிவிட்டது.

அணு உலைக் கட்டுப்பாட்டு அறையின் வேலை தசையை வருத்துவதில்லை. மானிகளைக் கண்காணித்து, எண்களைக் குறித்து, ஒன்றும் நடக்காத மணிகளில் விழித்திருப்பதே அங்கே உழைப்பு. ஷிப்டு மாறும்போது அடுத்தவர் வந்து, நிலவரத்தைக் கேட்டு, பதிவேட்டைப் படித்துப் பொறுப்பேற்கும் வரை முன்னவர் இருக்கையை விட்டு எழ முடியாது. பத்து நிமிட ஓய்வுக்கும் இதே விதிதான்: உட்கார இன்னொருவர் வேண்டும். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்து 1979இல் அதிகாலை நான்கு மணிக்கு நேர்ந்தது. பீச் பாட்டம் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் பணியில் தூங்கியது தெரியவந்ததும் 1987 மார்ச்சில் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் உலைகளை மூட உத்தரவிட்டது.

பத்து நிமிடத்துக்கு உட்பட்ட ஓய்வுகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்து 2022இல் ஒரு மதிப்பீடு வெளியானது. சிற்றோய்வு உற்சாகத்தைக் கூட்டுகிறது, களைப்பைக் குறைக்கிறது. ஆனால் மூளையைக் கசக்கும் வேலைகளில் திறனை மீட்க அது போதுவதில்லை என்பது அதன் முடிவு. ‘ஐந்து நிமிடம் கண்ணை மூடுங்கள், எல்லாம் சரியாகும்’ என்று ஊழியருக்கு வகுப்பெடுக்கும் நிறுவனங்கள் இந்தப் பின்பாதியைப் படிப்பதில்லை. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணியிடம் சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது. சரிசெய்ய வேண்டியது முதலில் பணியிடத்தைத்தான்.

சிற்றோய்வைத் தமிழ்நாட்டுச் சட்டம் நெருங்கிய அண்மைத் தருணம் 2021. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அவ்வாண்டு செய்த திருத்தம், நாள் முழுக்க நின்றே விற்பவர்களுக்கு இருக்கை தரவும் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவிடவும் கட்டாயமாக்கியது. அளந்து கொடுத்த நிமிடக் கணக்கு அதில் இல்லை, முடிந்தபோது உட்காரலாம். 140 ஆண்டுச் சட்ட வரலாற்றில் உடம்பின் களைப்பைக் கேட்டு எழுதிய அரிதான வரி என்று அதை மதிப்பிடலாம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 1948 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி என்பது சட்டத்தின் உடலிலேயே உள்ளது. இடைவேளை எவ்வளவு என்பதை உரிய அரசு அறிவிக்கையாக வெளியிடும். அந்த அறிவிக்கையை எழுதுபவர்கள் அரை மணியோடு நிறுத்திக்கொள்ளாமல், தொடர் ஷிப்டு நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓய்வுக்கு விடுவிக்க எத்தனை மாற்றாள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.